சாவிக்கு முன் இரண்டு சுற்று

மலேசியாவில், சபாக்கிலிருந்து கோலசிலாங்கூருக்கு ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சுங்கை பெசார், செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் என்று செம்பனையும் நெல்வயலும் மாறி மாறி வரும் பாதை. ஒரு பழைய புரோட்டோன் சாகா இந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடக்கிறது, அதன் இயந்திரம் நிமிடத்துக்குச் சராசரியாக 2,500 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேர்வதற்குள், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் 150,000 முறை சுற்றியிருக்கும். ஒவ்வொரு வால்வும் 75,000 முறை திறந்து மூடியிருக்கும். அத்தனை முறையும், திறக்க வேண்டிய நொடியில் திறந்து, மூட வேண்டிய நொடியில் மூடியிருக்க வேண்டும். இந்த ஒழுங்கு முழுவதையும் காப்பது இரண்டு விரல் அகலமுள்ள ஒரு ரப்பர் வார். அதுதான் டைமிங் பெல்ட்.

அதை மாற்றும் வேலை பட்டறையில் அரை நாள் பிடிக்கும். அதில் மிக முக்கியமானது கடைசிப் பத்து நிமிடம். சாவியைத் தொடுவதற்கு முன், ஸ்பேனரைப் போட்டுக் கையாலேயே இயந்திரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பல்சக்கரங்களின் குறிகள் மறுபடியும் நேருக்கு நேர் வந்து நிற்கின்றனவா என்று பார்க்கும் அந்தப் பத்து நிமிடம். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் காரோட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

கரையோரத்தின் கார்கள்

சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர் வட்டாரக் கரையோரத்தில் ரயில் கிடையாது. தோட்டத்து லயங்களிலிருந்து வெளியேறி சிறுபட்டணங்களில் வீடு வாங்கிய குடும்பங்களுக்கு, கிள்ளானில் வேலைக்கும் தெலுக் இந்தானில் உறவினர் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் கார்தான் கால். அந்தக் கார்களில் பல, டைமிங் பெல்ட் கொண்டவை.

1983-இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985 ஜூலை 9 அன்று வெளிவந்த முதல் சாகாவில் இருந்தது மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் ஓரியன் வகை இயந்திரம். வால்வுகளைத் திறக்கும் அதன் கேம் ஷாஃப்ட்டை ஓட்டியது பல் வைத்த பெல்ட். பிறகு வந்த இஸ்வாராவும் வீராவும் அதே வழியில் வந்தன. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலின் சின்ன மூன்று சிலிண்டர் இயந்திரமும் பெல்ட்தான். 2004-இல் ஜென்-2 காரில் அறிமுகமான கேம்ப்ரோ இயந்திரத்தில் இரண்டு கேம் ஷாஃப்ட்டுகள், பதினாறு வால்வுகள். அவற்றையும் ஓட்டுவது பெல்ட். 2005-இல் வந்த பெரோடுவா மைவியில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. ஆக, வீட்டில் மைவி வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு; சாகாவோ வீராவோ கஞ்சிலோ வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

இரண்டுக்கு ஒன்று

கார் இயந்திரம் நான்கு வீச்சில் வேலை செய்கிறது. பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுக்கிறது; மேலே ஏறி அதை அமுக்குகிறது; தீப்பொறி பட்டு வெடித்ததும் கீழே தள்ளப்படுகிறது; மறுபடி மேலேறிப் புகையை வெளியேற்றுகிறது. இந்த நான்கு வீச்சுக்குக் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும். ஆனால் உள்வால்வும் வெளிவால்வும் இந்த நான்கு வீச்சில் தலா ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரே ஒரு முறை சுற்றினால் போதும்.

இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைப் பற்களின் எண்ணிக்கை தருகிறது. கிராங்க்கின் பல் சக்கரத்தில் 24 பற்கள் இருந்தால் கேமின் சக்கரத்தில் 48 இருக்கும். பெல்ட்டின் உட்புறப் பற்கள் இரண்டையும் கவ்விப் பிடிப்பதால், வழுக்க வழியில்லை. சாதாரண ஃபேன் பெல்ட் கொஞ்சம் வழுக்கினால் கீச்சென்ற சத்தத்தோடு முடிந்துவிடும். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டினால் கதையே வேறு.

எவ்வளவு வேறு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 48 பற்கள் ஒரு வட்டம் என்றால் ஒரு பல்லுக்கு 7.5 பாகை. கேம் 7.5 பாகை நகர்ந்தால் கிராங்க் கணக்கில் அது 15 பாகை. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் கிராங்க் ஒரு முறை சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் 24 மில்லி வினாடி. 15 பாகை என்பது ஒரு சுற்றில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. அதாவது, ஒரு பல் தவறினால் ஒவ்வொரு வால்வும் தன் நேரத்திலிருந்து ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகுகிறது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் அதே வேகத்தில் பிஸ்டன் வினாடிக்கு 80 வீச்சுக்கு மேல் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு நடுவே ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி பெரிய இடைவெளி.

ஒரே இடம், இரண்டு பேர்

வால்வு திறப்பதும் மூடுவதும் பிஸ்டன் சரியாக உச்சியிலோ அடியிலோ இருக்கும்போது நடப்பதில்லை. கொஞ்சம் முன்னதாகவோ கொஞ்சம் பின்னதாகவோ நடக்கிறது. காற்றுக்கும் எடை உண்டு, ஓடத் தொடங்கினால் உடனே நிற்காது. அதனால் உள்வால்வு பிஸ்டன் அடியைத் தொட்டுத் திரும்பிய பிறகும் சற்று நேரம் திறந்தே இருக்கும்; ஓடிவரும் காற்று தன் வேகத்திலேயே மேலும் கொஞ்சம் உள்ளே புகும். வெளிவால்வு பிஸ்டன் அடிக்கு வருமுன்பே திறந்துவிடும். மிச்ச அழுத்தம் புகையைத் தானே தள்ளிவிடும். புகை வெளியேறி முடியும் தறுவாயிலும் புதுக்காற்று வரத் தொடங்கும் தறுவாயிலும் பிஸ்டன் உச்சியில் நிற்கும். அப்போது இரண்டு வால்வும் சில பாகைகளுக்கு ஒன்றாகத் திறந்திருக்கும்.

ஆபத்து இங்கேதான். பிஸ்டன் உச்சியில். வால்வு உள்ளே எட்டிப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் மட்டுமே. பல இயந்திரங்களில் வால்வு முழுதாகத் திறக்கும்போது நிற்கும் இடமும், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது நிற்கும் இடமும் ஒன்றேதான். பாரிட் வாய்க்காலின் மேல் போட்ட ஒற்றைப் பலகையில் எதிரெதிரே வரும் இருவரைப் போல, ஒருவர் இறங்கிய பிறகுதான் மற்றவர் ஏறலாம். பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்ற இடத்தில் நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். கார் ஓடிக்கொண்டிருப்பதால் கிராங்க் நிற்காது. பிஸ்டன் மேலேறி வால்வை இடிக்கும். வால்வின் தண்டு வளையும். சில நேரம் பிஸ்டனின் தலையில் பிறை வடிவத்தில் பள்ளம் விழும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். பழைய காராக இருந்தால் அந்தச் செலவு காரின் விலையையே நெருங்கிவிடும்.

எல்லா இயந்திரமும் இப்படி இல்லை. சிலவற்றில் பிஸ்டனின் தலையில் வால்வுக்கு ஒதுங்க இடம் வெட்டியிருப்பார்கள். பெல்ட் அறுந்தால் கார் நிற்கும். புதுப் பெல்ட் போட்டால் ஓடும். உங்கள் கார் எந்த வகை என்பதைக் கையேட்டையோ அந்த இயந்திரத்தை நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கையோ கேட்டுத்தான் அறிய வேண்டும். தெரியாதவரை, இடிக்கும் வகை என்றே எடுத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு.

தையல் இயந்திரத்திலிருந்து வந்த பெல்ட்

பல் வைத்த பெல்ட் காருக்காகப் பிறந்ததல்ல. 1940-களில் அமெரிக்காவில், தையல் இயந்திரத்தின் மேல் ஊசியும் கீழ் பாபினும் பிசகாமல் ஒன்றுசேர இயங்க வேண்டும் என்பதற்காக அது உருவாக்கப்பட்டது. ஊசி இறங்கும் நேரமும் நூலைக் கொக்கி பிடிக்கும் நேரமும் பொருந்தாவிட்டால் தையல் விழாது. அதே சிக்கல்தான் காரிலும்: இரண்டு தண்டுகள், ஒரே தாளம்.

அதற்கு முன்பு கேம் ஷாஃப்ட்டைப் பல்சக்கரங்களோ சங்கிலியோதான் ஓட்டின. அவை உறுதியானவை, ஆனால் எண்ணெய் வேண்டும், சத்தம் போடும், விலையும் கூடுதல். 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 காரில் பல் பெல்ட்டைப் பொருத்தி வரிசையுற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1966-இல் இத்தாலியில் ஃபியட்டின் இரட்டைக் கேம் இயந்திரமும், அமெரிக்காவில் போன்டியாக்கின் ஆறு சிலிண்டர் இயந்திரமும் பெல்ட்டோடு வந்தன. எண்ணெய் வேண்டாம், எடை குறைவு, சத்தமில்லை. எண்பதுகளில் ஜப்பானியச் சிறுகார்கள் பலவற்றில் பெல்ட் இடம்பிடித்தது. மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தில் பிறந்த சாகாவும் அந்த வழியில் பெல்ட்டோடு வந்தது.

பால்மரம் சீவிப் பிழைத்த தலைமுறைகளின் பிள்ளைகளுக்கு இந்தப் பெல்ட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ரப்பர்தான்; ஆனால் தோட்டத்துப் பாலில் வந்த ரப்பர் அல்ல. இயற்கை ரப்பர் வளைந்து நெளிவதில் நிகரற்றது; வெப்பமும் எண்ணெயும் பட்டால் தளர்ந்துபோகும். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோனும் வெப்பமும் எளிதில் தாக்கும். 1930-இல் அமெரிக்காவில் டுபான்ட் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் எண்ணெயைத் தாங்கியது. முதல் தலைமுறை டைமிங் பெல்ட்டுகள் அதிலேதான் செய்யப்பட்டன. பிறகு, ஹைட்ரஜன் ஏற்றி அந்தப் பலவீனமான பிணைப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்கிய நைட்ரைல் ரப்பர் வந்தது. இன்றைய நல்ல பெல்ட்டுகள் அந்த வகை. உள்ளே நீளவாக்கில் கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடும். பெல்ட் நீளாமல் காப்பது அவைதான். பற்களின் மேல் நைலான் துணி போர்த்தியிருக்கும்.

தோட்டத்துப் பாலுக்கும் இந்த வேலையில் பங்கு இருக்கிறது. பெல்ட்டைக் கழற்ற வேண்டுமானால் பல கார்களில் முதலில் இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங்கைக் கழற்ற வேண்டும். இரும்புக்கு நடுவே ஒட்டிய அந்தக் கறுப்பு ரப்பர் பெரும்பாலும் இயற்கை ரப்பர். ஆண்டுக்கணக்கில் அதிர்வை வாங்கிக்கொண்டு சோராமல் நிற்பதில் அதை மிஞ்சுவது கடினம். ரப்பருக்கு அந்தந்த இடத்துக்கேற்ற குணம் வேண்டும் என்பதற்கு ஒரே பட்டறை மேசையில் கிடக்கும் பெல்ட்டும் மவுண்டிங்கும் நல்ல சாட்சி.

குறிகள் எங்கே, எதை நம்புவது

இனி வேலைக்கு வருவோம். இயந்திரம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டால் சிலிண்டருக்குள் அழுத்தம் சேராது. கையால் சுற்றுவது எளிதாகும், கையில் படும் தடையையும் சரியாக உணரலாம். இயந்திரத்தின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்கிய பிறகே மவுண்டிங்கைக் கழற்ற வேண்டும்.

பழைய பெல்ட்டைக் கழற்றுமுன்பே முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பட்டறைப் பேச்சில், டாப்பில் நிறுத்த வேண்டும். நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் முதல் பிஸ்டனும் நான்காம் பிஸ்டனும் ஒன்றாகவே உச்சிக்கு வரும். ஆகவே கிராங்க்கை மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும். முதல் சிலிண்டர் அமுக்கும் வீச்சில் இருக்கிறதா, புகை தள்ளும் வீச்சில் இருக்கிறதா என்பதைக் கேமின் குறிதான் சொல்லும். கேமின் குறி எதிர்ப்பக்கத்தில் இருந்தால் கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும்.

கிராங்க் பக்கத்தில் பலர் தடுமாறும் ஒரு விஷயம் உண்டு. வெளியே தெரியும் பெரிய புல்லியில் ஒரு வெட்டு இருக்கும்; பக்கத்தில் பாகை எண்கள் இருக்கும். அது தீப்பொறியின் நேரத்தைப் பார்ப்பதற்கானது. பல புல்லிகளில் நடுக்குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே அதிர்வு தாங்கும் ரப்பர் வளையம் இருக்கும். காலப்போக்கில் அந்த ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் நகர்ந்து வெட்டும் இடம்மாறிவிடும். நம்பத்தக்க குறி அந்தப் புல்லியைக் கழற்றிய பிறகு உள்ளே தெரியும் சின்னப் பல்சக்கரத்தில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே ஆயில் பம்பின் உடலிலோ முன் உறையிலோ வார்ப்பில் எழுந்த ஒரு கூர் இருக்கும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து அதை மூடியிருக்கும். துணியில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் துடைத்து, டார்ச்சை நேராக அடித்து, கண்ணைக் குறியின் உயரத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் அரைப் பல் விலகல் கண்ணுக்குத் தெரியாது. கேமின் சக்கரத்தில் உள்ள புள்ளிக்கும் சிலிண்டர் ஹெட்டில் உள்ள குறிக்கும் இதே விதி.

கேம் ஷாஃப்ட்டின் இன்னொரு குணத்தையும் கவனிக்க வேண்டும். வால்வு ஸ்பிரிங்குகள் அதை எப்போதும் ஏதோ ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். பெல்ட் கழன்றதும் சில இயந்திரங்களில், குறிப்பாக இரட்டைக் கேம் உள்ளவற்றில், சக்கரம் சட்டென்று சில பற்கள் துள்ளிவிடும். பதறிப்போய் அதை அப்படியே பிடித்துத் திருப்பினால், உச்சியில் நிற்கும் பிஸ்டன் மீது வால்வு முட்டும். சரியான வழி: முதலில் கிராங்க்கைக் கால் சுற்றுப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். நான்கு சிலிண்டரிலும் பிஸ்டன்கள் நடுவழியில் நிற்கும். எந்த வால்வும் எதையும் தொடாது. பிறகு கேமைத் தன் குறிக்குக் கொண்டுவந்து, கடைசியாகக் கிராங்க்கை உச்சிக்குத் திருப்ப வேண்டும்.

பெல்ட் உட்காரும் விதம்

புதுப் பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. கண்ணாடி இழை உள்ளே ஒடிந்தால் வெளியே தெரியாது. முதலில் கிராங்க்கின் சக்கரத்தில் பற்களைப் பொருத்த வேண்டும். பிறகு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இல்லாத பக்கத்தைத் தொய்வில்லாமல் இழுத்துக் கேமில் ஏற்ற வேண்டும். கடைசியாகத்தான் டென்ஷனர் பக்கம். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது கிராங்க் கேமை இழுக்கிறது. இழுபடும் பக்கம் எப்போதும் இறுக்கமாக இருக்கும், தொய்வு முழுவதும் மறுபக்கத்தில் சேரும். டென்ஷனர் இருப்பது அந்தத் தொய்வுப் பக்கத்தில். இழுபடும் பக்கத்தில் சிறிது தொய்வை விட்டுவிட்டு டென்ஷனரை அமுக்கினால், நிற்கும்போது குறிகள் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். சுற்றியதும் ஒரு பல் விலகி நிற்கும்.

பழைய வகை டென்ஷனரில் ஸ்பிரிங் தானே தள்ளி இறுக்கத்தைக் கொடுக்கும். பிறகு போல்ட்டை முறுக்க வேண்டும். புதிய வகைகளில் ஊசியும் பள்ளமும் இருக்கும். ஊசி பள்ளத்துக்கு நேராக வரும்வரை திருப்ப வேண்டும். நீண்ட நேர்ப்பகுதியின் நடுவில் பெல்ட்டை இரு விரலால் பிடித்து 90 பாகை திருப்ப முடிகிறதா என்று பார்ப்பது பட்டறைகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அது ஒரு முதல் சோதனை மட்டுமே. முடிவாக எடுக்க வேண்டியது தயாரிப்பாளர் கொடுத்த அளவை. சில இயந்திரங்களில் இதே பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்பின் பேரிங்கை அதிக இறுக்கம் தின்னும். குறைந்த இறுக்கம் பல்லைத் தாண்ட விடும்.

இரண்டு சுற்று

எல்லாம் பூட்டிய பிறகு கிராங்க்கின் போல்ட்டில் நீள ஸ்பேனரைப் போட்டு, இயந்திரம் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். பெரும்பாலான கார்களில் அது கடிகார திசை; பழைய ஹோண்டாக்கள் சிலவற்றில் எதிர்த்திசை. பின்னோக்கிச் சுற்றினால் தொய்வு இழுபடும் பக்கத்துக்கு மாறி, சோதனையே பொய்யாகும்.

ஏன் இரண்டு? கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் கேம் ஒரு முறை சுற்றும். அப்போதுதான் எல்லா சிலிண்டரின் எல்லா வால்வும் ஒரு முறை திறந்து மூடும். பெல்ட்டின் தொய்வும் வந்து சேர வேண்டிய பக்கத்துக்கு வந்து சேரும். வழியில் கைக்கு இரண்டு விதமான தடை தெரியலாம். கேமின் மேடு வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும்போது மெத்தென்ற கனம் ஏறி, தாண்டியதும் இறங்கும், அது இயல்பு. கல்லில் மோதியதுபோல் சட்டென்று நின்றால், வால்வு பிஸ்டனைத் தொட்டுவிட்டது. அங்கேயே கையை எடுக்க வேண்டும். பலத்தைக் கூட்டவே கூடாது. கை வேகத்தில் தொட்ட வால்வு பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டார் அந்தக் கருணையைக் காட்டாது.

இரண்டு சுற்று முடிந்ததும் கிராங்க்கின் குறியும் கேமின் குறியும் தத்தம் எதிர்க்குறிக்கு நேராக நிற்க வேண்டும். அரைப் பல் விலகி நின்றால், "ஓடினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவது தவறு. டென்ஷனரைத் தளர்த்தி மறுபடி தொடங்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் புதிதாகக் கற்கும் பிள்ளைகளைக் குழப்பும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில பெல்ட்டுகளின் முதுகில் வெள்ளைக் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள்; பொருத்தும்போது அவை சக்கரக் குறிகளுக்கு நேராக வரும். இரண்டு சுற்றுக்குப் பிறகு பார்த்தால் சக்கரக் குறிகள் சரியாக நிற்கும், வெள்ளைக் கோடுகளோ எங்கேயோ போயிருக்கும். பிழை எதுவும் இல்லை. கிராங்க்கில் 24 பற்கள், பெல்ட்டில் 105 பற்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றில் பெல்ட் நகர்வது 48 பற்கள் மட்டும். தன் முழு வட்டத்தில் பாதிகூட இல்லை. 48-க்கும் 105-க்கும் மீச்சிறு பொது மடங்கு 1,680. ஆக, கோடுகளும் குறிகளும் மீண்டும் ஒன்றாகச் சேரக் கிராங்க் 70 முறை சுற்ற வேண்டும். கோடுகள் பொருத்தும் நேரத்து உதவி. சரிபார்க்கும் நேரத்தில் சக்கரத்தின் குறிகளே சாட்சி. பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு இதைக் காட்டலாம்.

ஒரு பல் தவறினால்

ஒரு பல் பிசகிய இயந்திரம் பெரும்பாலும் ஓடத்தான் செய்யும். அதனால்தான் அது ஏமாற்றுகிறது. கேம் பிந்தினால் உள்வால்வும் தாமதமாக மூடும்; பிஸ்டன் மேலேறத் தொடங்கியதும் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்பி வெளியேறும். குறைந்த வேகத்தில் கார் சோர்ந்து போகும், பாலத்தில் ஏறும்போது கியரைக் குறைக்க வேண்டிவரும். கேம் முந்தினால் தொடக்கத்தில் குறை தெரியாது; வேகம் கூடும்போது மூச்சு வாங்கும். இரண்டிலும் பெட்ரோல் செலவு கூடும், நின்றபடி ஓடும்போது நடுக்கம் இருக்கும். கிராங்க்குக்கும் கேமுக்கும் தனித்தனி சென்சார் உள்ள கார்களில் கணினி இந்த விலகலைக் கண்டுபிடித்து விளக்கைப் போடும். பி 0016 என்ற பிழைக்குறி பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. கார்புரேட்டர் கொண்ட பழைய சாகாவில் அப்படிச் சொல்ல யாருமில்லை. அங்கே குறிகளைக் கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் வழி.

பெல்ட் நேராக ஓடியதா, எதனால் கெட்டது என்பதைப் பழைய பெல்ட்டே சொல்லும். கழற்றிய பழைய பெல்ட்டைத் தூக்கி எறியுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் நூல் பிரிந்திருந்தால் ஏதோ ஒரு சக்கரமோ, பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லரோ சாய்ந்திருக்கிறது. பற்களின் அடியில் வெடிப்பு இருந்தால் வயதோ வெப்பமோ. பளபளப்பும் வீக்கமும் இருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது; கேமின் ஆயில் சீலோ கிராங்க்கின் ஆயில் சீலோ கசிகிறது. அதை விட்டுவிட்டுப் புதுப் பெல்ட் போட்டால் புதிதும் அதே வழியில் போகும். பச்சையாகவோ சிவப்பாகவோ காய்ந்த கறை இருந்தால் வாட்டர் பம்பின் கூலன்ட். பெல்ட்டே பம்பையும் ஓட்டும் இயந்திரங்களில் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. டென்ஷனரையும் ஐட்லரையும் அப்போதே மாற்ற வேண்டும்.

நாளும் கிலோமீட்டரும்

பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. கையேடுகள் பல, இயந்திரத்தைப் பொறுத்து, 80,000-லிருந்து 100,000 கிலோமீட்டர் வரை ஓர் எல்லையையும் அதோடு ஆண்டுக் கணக்கையும் சொல்கின்றன. எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் தாத்தாவின் சாகா பத்தாண்டில் 40,000 கிலோமீட்டர்கூடத் தொட்டிருக்காது. ஆனால் ரப்பர் பத்தாண்டு மூப்படைந்திருக்கும். நம் கரையோரத்தின் வெயிலும் மூடிய உறைக்குள் தேங்கும் இயந்திரச் சூடும் அந்த மூப்பை விரைவுபடுத்தும். பழைய கார் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது பெயிண்ட்டையும் டயரையும் அல்ல, பெல்ட் கடைசியாக மாற்றிய தேதியை. யாருக்கும் தெரியவில்லை என்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெல்ட் மாற்றக் கொடுக்கும்போது, இரண்டு சுற்றுச் சுற்றிக் குறி பார்க்கும் நேரத்தில் நானும் இருக்க விரும்புகிறேன் என்று மெக்கானிக்கிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதில் மகிழ்வார். டார்ச்சைக்கூட உங்கள் கையில் கொடுப்பார். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பெல்ட் உறையின் மேல் அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து அந்தக் காரைத் தொடுபவர் யாராக இருந்தாலும் அது வழிகாட்டும்.

மலேசியத் திறன் சான்றிதழுக்காக வாகனத் துறை படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. காதால் கேட்டே இயந்திரத்தின் நோயைச் சொல்லும் மூத்தவர்களிடம் கற்க எவ்வளவோ இருக்கிறது, கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் டைமிங் காதுக்கு உரிய வேலை அல்ல. அது குறிக்கும் கண்ணுக்கும் கணக்குக்கும் உரியது. அவசரம் எவ்வளவு இருந்தாலும், வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று நேரம் பார்த்தாலும், சாவியைத் திருப்புவதற்கு முன் கையால் இரண்டு சுற்று. அதைச் செய்யாமல் எந்தக் காரையும் பட்டறையை விட்டு வெளியே அனுப்பாதீர்கள்.